சீக்குப் பட்டியலில் வடிவம்மா

"வடிவம்மா. பெண். விதவை. வயது நாற்பத்தைந்து. காய்ச்சல், பதினான்காம் நாள். எழுந்து நடக்க இயலாதவர். தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ள முடியாதவர். பிறருடைய பராமரிப்பில் இருக்கிறார்."

முட்டுக்கல் தேயிலைத் தோட்டத்து நோயாளர் புத்தகத்தில், 1913ஆம் வருடம் ஆகஸ்டு மாதப் பக்கத்தில், அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது. எழுதியவர் தோட்டத்து மருந்துக்காரர் வைரவநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர், பொய் சொல்லக் கூசுகிறவர். அவர் இதை எழுதிக்கொண்டிருந்த அதே காலையில், எழுந்து நடக்க இயலாத வடிவம்மா, தலையில் ஒரு பானையும் இடுப்பில் ஒரு பானையுமாகக் மலை ஊற்று விழுகிற கீழ்ப் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டு எண்பத்திரண்டு படி ஏறிக்கொண்டிருந்தாள். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பீலி உண்டு. அந்த வருடக் கோடையில் அது சொட்டுச் சொட்டாக ஒழுகி, கீழே குழியில் தேங்கி, மாடும் மனிதரும் பங்குபோட்டுக்கொள்கிற தண்ணீராகிவிட்டது. லயம் முழுவதும் அதைக் குடித்தது. வடிவம்மா அதை நம்பவில்லை.

பேரும் வயதும் போக, அந்தக் குறிப்பில் காய்ச்சல் என்கிற சொல் மட்டும் பாதி உண்மை. லயத்தில் காய்ச்சல் இருந்தது. வடிவம்மாவுக்கு இல்லை.

காய்ச்சல் புஷ்பத்துக்கு. புஷ்பத்துக்கு வயது பத்தொன்பது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற முருகையாவின் பெண்சாதி, கல்யாணமாகி எட்டு மாதம். ஆடிக் காற்று ஊளையிட்ட ஒரு நாள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாளும் எழுந்திருக்கவில்லை. வடிவம்மா போய் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், வெளியே வந்து கையை இரண்டு முறை சாம்பல் போட்டுக் கழுவினாள். அவள் இரண்டு முறை கழுவினால் லயத்தில் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவது வழக்கம்.

அது என்ன காய்ச்சல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன வருடம் அதே லயத்தில் இரண்டு பேருக்கு வந்த காய்ச்சல்தான். ஒருவனைப் பதினெட்டாம் நாள் மாட்டு வண்டியில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பினார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் கிடையாது. கட்டில் உண்டு, மருந்து உண்டு, பார்க்க ஆட்கள் உண்டு. ஆனால் ஹாலிஎலக்கு மேலே இருந்த முட்டுக்கல்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் எட்டு மைல் இருந்தது, அந்த எட்டு மைலும் கல்லாக இருந்தது. வண்டி மூன்றாம் மைல் கட்டையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. இன்னொருத்தியை யாரும் எங்கும் அனுப்பவில்லை. பத்தொன்பதாம் நாள் பசி பசி என்று அழுதாள். பெற்றவளுக்கு மனசு தாளவில்லை, சோறு பிசைந்து ஊட்டினாள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டு பேரையும் குளிப்பாட்டிக் கிடத்தியவள் வடிவம்மா. அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இரண்டு சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தது. "வயித்துக்குள்ள புண்ணு" என்று அவள் முடிவுக்கு வந்தாள். "புண்ணு மேல வண்டியையும் ஓட்டக்கூடாது, சோத்தையும் கொட்டக்கூடாது." வைத்தியப் புத்தகங்கள் இதையே இன்னும் நீளமாகச் சொல்கின்றன.

வடிவம்மா தாது வருடப் பஞ்சத்தில் முசிறிப் பக்கத்திலிருந்து எட்டு வயதில் வந்தவள். முதலில் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டம். கோப்பி செத்தது, தேயிலை வந்தது, அவள் கூடையும் மாறியது. கல்யாணம் பண்ணிக்கொண்டவன் முப்பத்தாறு வயதில் பக்கவாதத்தில் விழுந்தான். மூன்று வருடம் படுக்கை. அந்த மூன்று வருடமும் அவள் விடியலில் பேர் கூப்பிட்டு ஆளெடுக்கிற பெரட்டுக்கும் போனாள், அவனையும் பார்த்துக்கொண்டாள். அவன் செத்தபோது உடம்பில் ஒரு புண்கூட இல்லை. குளிப்பாட்ட வந்த பெண்கள் அதைத்தான் அதிகம் பேசினார்கள். அதிலிருந்து லயத்தில் யார் விழுந்தாலும் "வடிவத்தைக் கூப்பிடு" என்பது பழக்கமாயிற்று. இதற்கு ஒரு பேர் கிடையாது. செக்ரோல் என்கிற ஆட்கணக்கில் அவள் கொழுந்துக்காரி, அவ்வளவுதான். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பலகாரத்தோடு பத்துப் பேர் வருவார்கள், அழுவார்கள், போவார்கள். மலம் அள்ளுகிறவள் ஒருத்தி இருப்பாள். அந்த ஒருத்தி பெரும்பாலும் வடிவம்மா.

ஆனால் இந்தக் காய்ச்சலை வேலை முடிந்து வந்து பார்த்துக்கொள்ள முடியாது. பகலும் இருக்க வேண்டும். மறுநாள் விடியலில், பெரட்டுக் களத்துக்குப் போகிற வழியில், அவள் ராமாமிர்தம் கங்காணியை மறித்தாள்.

"பேரு கூப்புட்டா ஆளு நிக்கணும், வடிவு" என்றார் கங்காணி. "புஷ்பம் எங்கேன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"கொழுந்தெடுக்குறான்னு சொல்லுங்க."

"காச்சல்ல கெடக்குறவளையா?"

"காச்சல்னு சொன்னா வண்டி வருமுங்க. போன வருசம் வண்டி போனது ஞாபகம் இருக்கா?"

கங்காணிக்கு ஞாபகம் இருந்தது. வண்டிக்குப் பின்னாலேயே மூன்று மைல் நடந்தவர் அவர்தான். மீசையைத் தடவினார்.

"சரி, நீ?"

"எனக்குச் சீக்கு."

"உனக்கா? பாறை உருண்டு லயத்துக் கூரை பிச்சுக்கிட்ட அன்னைக்கே பெரட்டுக்கு வந்து நின்னவ நீ!"

"அதான் சொல்றேன். இருவது வருசமா எடுக்காம சேத்து வச்ச சீக்கு. இப்ப மொத்தமா எடுத்துக்கிறேன்."

"என்ன சீக்குன்னு எழுதச் சொல்ல?"

வடிவம்மா யோசித்தாள். முழுப் பொய்யாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை. "காச்சல்னே சொல்லுங்க. இந்த வரிசைக் காம்பராவுல காச்சல் இருக்கறது நெசந்தானே. யாருக்குன்னு எதுக்கு?"

அங்கேதான் தவறு நடந்தது. முதுகுவலி என்று சொல்லியிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பொய்யில் கொஞ்சம் உண்மையைக் கலந்தால் பாவம் குறையும் என்று நினைத்தாள். பாவம் குறைந்ததோ என்னவோ, ஆபத்து கூடியது. பதினான்கு நாள் தொடர்ந்து காய்ச்சல் என்று பட்டியலில் ஒரு பேர் இருந்தால், அந்தப் பட்டியலை யாராவது ஒருநாள் படிப்பார்கள்.

அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பெரட்டில் "புஷ்பம்" என்று கூப்பிட்டால் கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ "ஆமாங்க" என்றார்கள். மலையில் புஷ்பத்தின் கூடை ஓர் ஓரமாக இருந்தது. கடந்து போகிற ஒவ்வொருத்தியும் தன் கொழுந்தில் ஒரு கைப்பிடி எடுத்து அதில் போட்டாள். கங்காணி அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செய்திருக்கவும் மாட்டார்கள். நிறுவையின்போது "புஷ்பம் பீலிக்குப் போயிருக்காங்க" என்று பக்கத்து வரிசைக்காரி கூடையைக் கொண்டு வைத்தாள். நல்ல உடம்போடு இருந்தபோது புஷ்பம் பதினெட்டு ராத்தலுக்கு மேல் எடுத்ததில்லை. காய்ச்சலில் இருபத்தேழு எடுத்தாள். கணக்கப்பிள்ளை அசந்துபோய், புஷ்பத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றப் பெண்களிடம் புத்தி சொன்னார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்கள்.

புஷ்பம் படுத்திருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வேறு கணக்கு. வடிவம்மாவிடம் கடிகாரம் கிடையாது, ஆனால் தோட்டமே ஒரு கடிகாரம். விடியலில் பெரட்டுத் தப்பு அடித்தால் புஷ்பத்தை வலப்பக்கம் புரட்டுவாள். முதல் நிறுவைக்குக் கொழுந்துக்காரிகள் இறங்குகிற சத்தம் கேட்டால் மல்லாக்க. பகல் கொம்பு ஊதினால் இடப்பக்கம். ஒவ்வொரு புரட்டலிலும் முதுகு, குதிகால், முழங்கை துடைத்துத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. கிழிந்த சேலையை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே போடுவாள். அழுக்கான துணியை எடுத்துப் போய்த் தனியே வேக வைத்து, கீழ்ப் பீலிக்கும் கீழே அலசிக் காயப்போடுவாள். உப்புத் தண்ணீரில் துணி முக்கி வாய் கழுவுவாள். குடிக்கக் கொதித்து ஆறின தண்ணீர், வடித்த கஞ்சித் தண்ணீர், மோரின் தெளிவு, இவ்வளவுதான். நாளுக்கு ஒரு கரிக்கோடு கதவின் உட்பக்கம். ஒரு கிண்ணம் உள்ளே போனால் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அலங்காரத்துக்காக அவள் புள்ளி வைக்கவில்லை. புள்ளி குறைந்த நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

பத்தாம் நாளுக்குப் பிறகு புஷ்பம் காய்ச்சல் பிதற்றலில், அங்கே இல்லாத ஆடு ஒன்றைச் சுவரோரமாக விரட்டத் தொடங்கினாள். பதினைந்தாம் நாள் ஆடு போய்விட்டது, பசி வந்தது. வடிவம்மா பயந்தது ஆட்டுக்கல்ல, இந்தப் பசிக்குத்தான்.

அன்று பகல் முருகையா மலையிலிருந்து வந்தான். வேட்டி மடிப்பைக் கையால் பொத்திக்கொண்டு வாசல் நுழைந்தான்.

"மடியில என்ன?" என்றாள் வடிவம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"ஒண்ணுமில்ல அத்தே."

"ஒண்ணுமில்லாததுக்குக் கருவாட்டு வாசம் வராது."

முருகையா இலைப் பொட்டலத்தை எடுத்தான். "ஒரே ஒரு வாய்தான் அத்தே. கெஞ்சுறா. நேத்து என்னைய அண்ணேன்னு கூப்புட்டா, தெரியுமா? கட்டுன புருசனை அண்ணேங்குறா! போறவ வயிறு நெறஞ்சாவது போவட்டும்."

"போறதுக்கு முன்னால குடுக்கறியா, போகட்டும்னு குடுக்கறியா?"

உள்ளேயிருந்து புஷ்பத்தின் குரல், கரகரவென்று: "குடுங்க... கெழட்டு மூதி குடுக்க மாட்டா... நீங்க குடுங்க..."

வடிவம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "காலையிலேருந்து நான் சாப்புடல" என்று சொல்லிவிட்டு, அவன் கண் முன்னாலேயே கடைசிப் பருக்கை வரை தின்றாள். முருகையா கொலையைப் பார்ப்பதுபோல நின்று பார்த்தான். அவன் அவளை மன்னிக்க வெகுகாலமாயிற்று. அந்தச் சோற்றை அவள் தின்றதுதான் அவனையும் பழியிலிருந்து காப்பாற்றியது என்பது அவனுக்குப் புரிய இன்னும் அதிக காலமாயிற்று.

பதினேழாம் நாள் பதுளையிலிருந்து அரசாங்க டாக்டர் வந்தார்.

தோட்டத்துச் சுகாதாரத்தைப் பார்வையிட அவ்வப்போது வருகிற பறங்கியர். முதலில் பங்களாவுக்குப் போய்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடு தேநீர் குடிப்பார், பிறகு நோயாளர் புத்தகத்தைப் புரட்டுவார். இந்த முறை புத்தகத்தை முதலில் புரட்டிவிட்டார். பதினான்கு நாள் காய்ச்சலா, பதுளைக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார். தேநீர் குடித்து முடித்ததும் அந்த வடிவம்மாவைத் தாமே பார்க்க வருவதாகவும், வண்டி தயாராக இருக்கட்டும் என்றும் சொன்னார்.

வைரவநாதன் குடையை மறந்துவிட்டு ஓடி வந்தார். பின்னால் மூங்கிலில் கம்பளி கட்டிய டோலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்கள். லயத்து வாசலில் பானைகளோடு வந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்தினார்.

"வடிவம்மா எண்ட ஆள் எங்கை கிடக்கிறா? எழும்பேலாத ஆள்."

"நான்தானுங்க."

"நீயோ? உனக்குப் பதினாலு நாளாய்க் காய்ச்சல்."

"ஆமாங்க."

"தலையிலை என்ன?"

"தண்ணிப் பானைங்க."

வைரவநாதன் பானையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், டோலியைப் பார்த்தார். கங்காணி சொன்னதை நம்பி, ஒருநாள்கூட வந்து பார்க்காமல், 'எழுந்து நடக்க இயலாதவர்' என்று தாமே மனசாரச் சேர்த்து எழுதியது அப்போது அவர் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லக் கூசுகிறவர்கள் எழுதும்போது அவ்வளவாகக் கூசுவதில்லை.

"உள்ள வாங்க ஐயா" என்றாள் வடிவம்மா. இனி மறைக்க நேரம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அவர் புஷ்பத்தைப் பார்த்தார். நாடி பிடித்தார், வயிற்றைத் தொட்டார், தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டார். கதவின் கரிக்கோடுகளை எண்ணினார்.

"பதினேழோ?"

"பதினேழுங்க."

"இவளைத்தான் கொண்டு போகவேணும். அதுதான் சட்டம்."

"கொண்டு போங்க. மூணாங்கட்டை வரைக்கும் போவும்."

வைரவநாதன் படியில் உட்கார்ந்துவிட்டார். போன வருடத்து வண்டிக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். "நான் என்ன செய்யிறது, சொல்லு பாப்பம்? உண்மையைச் சொன்னால் இவளை வண்டியிலை ஏத்துவினம். சொல்லாட்டில் உன்னை ஏத்துவினம். உன்னை ஏத்தினால் இவளை ஆர் பாக்கிறது?"

"அதாங்க எனக்கும் பயம்" என்றாள் வடிவம்மா. அவள் பயம் என்று சொல்லி லயத்தில் ஒருவரும் கேட்டதில்லை. "நான் போயிட்டா பொழுது சாயறதுக்குள்ள யாராச்சும் சோறு குடுத்துருவாங்க. பாசத்துல குடுத்துருவாங்க."

பாதையில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. அன்று பங்களாத் தேநீர் சூடாக இல்லை போலிருக்கிறது.

டாக்டர் உயரமானவர். காம்பரா நிலை தாழ்வு. குனிந்துகொண்டே உள்ளே வந்தார், கையில் பட்டியல். துரை வெளியே குதிரையோடு நின்றுகொண்டார். வாசலில் ராமாமிர்தம் கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். மலையிலிருந்து செய்தி கேட்டு ஓடிவந்த முருகையா அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கினான்.

டாக்டர் படுத்திருந்தவளைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், "வடிவம்மா" என்றார்.

கேள்வியாகக் கேட்கவில்லை. படுத்திருக்கிறவள் நோயாளி, நோயாளியின் பேர் பட்டியலில் இருக்கிறது, வேறென்ன? காற்றில் கூரைத் தகரம் படபடத்தது. பிறகு, வாழ்நாளில் வாயால் பொய் சொல்லாத வைரவநாதன், இங்கிலீஷில் "ஆமாம்" என்றார்.

"அப்படியானால் இது யார்?" டாக்டரின் பென்சில் நின்றுகொண்டிருந்த வடிவம்மாவைக் காட்டியது.

வைரவநாதனால் ஒரு நாளில் ஒன்றுதான் முடியும். அவர் கங்காணியைப் பார்த்தார். கங்காணி தொண்டையைச் செருமினார். "புஷ்பம்ங்க. கொழுந்துக்காரி. நல்லா எடுப்பாங்க."

வெளியே நின்ற துரைக்கு அந்தப் பேர் தெரிந்திருந்தது. இருபத்தேழு ராத்தல் புஷ்பம்! அவர் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். வடிவம்மா கும்பிட்டாள்.

டாக்டர் முழங்காலில் உட்கார்ந்து நோயாளியைப் பார்த்தார். அவசரப்படவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றை மிக மெதுவாகத் தொட்டார். பிறகு முதுகைப் பார்க்க வேண்டும் என்றார். வடிவம்மா ஒரு கை தோளுக்குக் கீழும் ஒரு கை இடுப்புக்குக் கீழுமாகக் கொடுத்து, மடிந்த துணியைத் திருப்புவதுபோலத் திருப்பினாள். டாக்டர் முதுகெலும்பின் அடியை அழுத்திப் பார்த்தார், குதிகால்களைப் பார்த்தார், முழங்கைகளைப் பார்த்தார். எதையோ தேடுகிறவர் போலிருந்தார். அது கிடைக்கவில்லை.

"பதினான்கு நாள் படுக்கையில் ஒரு புண்கூட இல்லை" என்றார். "எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திருப்புகிறாள் என்று கேளுங்கள்."

வைரவநாதன் கேட்டுச் சொன்னார். தப்பு, நிறுவை, கொம்பு.

"பசி என்று கேட்டால்?" என்றார் டாக்டர்.

"கேக்குறா. குடுக்க மாட்டேங்க."

"குடுக்காட்டில் என்ன செய்வா எண்டு கேக்கிறார்."

"வைவா."

"அதுக்கு நீ?"

"வாங்கிக்குவேன்."

டாக்டர் பட்டியலை மறுபடி பார்த்தார். "நாற்பத்தைந்து வயது" என்று படித்தார். படுத்திருந்தவளின் முகத்தைப் பார்த்தார். காய்ச்சல் எவ்வளவு உலர்த்தியிருந்தாலும் பத்தொன்பது பத்தொன்பதுதான். அந்த நேரம் பார்த்து, அதுவரை அடக்கிக்கொண்டிருந்த முருகையா வாய்விட்டு அழுதுவிட்டான்.

"இவன் யார்?"

வைரவநாதனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. பொய்யை மேலும் வளர்க்கத் தெரியாமல், தெரிந்த உண்மையைச் சொன்னார்: "புஷ்பத்தின் புருஷன்."

டாக்டர் இருபத்துமூன்று வயது முருகையாவைப் பார்த்தார். நரை ஓடிய தலையோடு நின்ற 'புஷ்பத்தை'ப் பார்த்தார். கதவின் கரிக்கோடுகளையும் புள்ளிகளையும் நெடுநேரம் பார்த்தார். வாசலில் கங்காணியின் கையில் தலைப்பாகை கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது.

"இந்த மலைக்காற்று சிலருக்கு ஒத்துக்கொள்கிறது, சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை" என்றார் டாக்டர். பட்டியலில் வயதைத் திருத்தவில்லை. அதற்குக் கீழே எழுதினார்: நோயாளி வடிவம்மாவை எக்காரணம் கொண்டும் அசைக்கக்கூடாது. அவளைப் பராமரிக்கும் புஷ்பம் என்கிற பெண்ணைக் காய்ச்சல் முற்றிலும் நீங்கும் வரை வேலைக்கு அழைக்கக்கூடாது. மேல் பீலியை அடைக்க வேண்டும். லயம் முழுவதும் கொதித்த தண்ணீர். எழுதி முடித்துக் குனிந்து வெளியே போனார். டோலி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று.

ஆபத்து நீங்கியதாக லயம் நினைத்தது. வடிவம்மா நினைக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை வந்தவர் வண்டியைத்தான் கொண்டுபோனார். காய்ச்சலை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

இருபத்திரண்டாம் நாள் விடியலில் தப்புச் சத்தத்துக்குப் புரட்டக் கை வைத்தபோது புஷ்பத்தின் உடம்பு சில்லென்றிருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை. கூப்பிட்டாள், பதில் இல்லை. காய்ச்சல் விட்டாலும் உடம்பு இப்படித்தான் குளிரும். வயிற்றுக்குள் புண் உடைந்து இரத்தம் போனாலும் இப்படித்தான் குளிரும். எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. போன வருடத்தவளும் குளிர்ந்துதான் போனாள்.

முருகையாவை மலைக்குப் போகச் சொல்லிவிட்டாள். அவன் முகத்தையும் சேர்த்துப் பார்க்க அன்று அவளால் முடியவில்லை. துணியை விலக்கிப் பார்த்தாள், இரத்தம் இல்லை. சிறிது நேரம் கழித்து மறுபடி பார்த்தாள், இல்லை. வயிற்றைத் தொடப் பயந்து தொடாமலே இருந்தாள். மூக்கின் கீழ் விரலை வைத்து மூச்சை எண்ணினாள். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாததால் இருபது இருபதாக எண்ணினாள். முதல் நிறுவை போயிற்று. பகல் கொம்பு ஊதிற்று. கதவில் அன்றைய கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் இல்லை. வைரவநாதன் வந்தார், நாடி பிடித்தார், "பாப்பம்" என்றார். கையில் இருந்ததை எல்லாம் செய்துவிட்ட மருந்துக்காரர் சொல்லக்கூடிய சொல் அது ஒன்றுதான். போகாமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கடைசி நிறுவைக்குப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வடிவம்மா வழக்கம்போல ஈரத்துணியால் வாயைத் துடைத்தாள். புஷ்பத்தின் உதடு அசைந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"சோறு."

வடிவம்மா துணியை மறுபடி நனைத்தாள்.

"சோறு போடுடீ, கெழட்டு மூதி. நீ வெளங்குவியா? கட்டையில போவ..."

"இன்னும் சொல்லு" என்றாள் வடிவம்மா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுடி, இன்னும் சொல்லு."

புஷ்பம் சொன்னாள். வடிவம்மாவின் பரம்பரையை முசிறி வரைக்கும் இழுத்தாள். படியில் இருந்த வைரவநாதன், யாழ்ப்பாணத்தில் கேட்டறியாத பல சொற்களை அன்று கேட்டறிந்தார். திட்டி முடித்துக் களைத்தவளுக்கு வடிவம்மா அரைக் கிண்ணம் கஞ்சித் தண்ணீர் கொடுத்தாள், கதவில் ஒரு புள்ளி வைத்தாள். சோறு கொடுக்கவில்லை. அதற்கு இன்னும் ஒன்பது நாள் பொறுத்தாள்.

செப்டம்பரில் பதுளையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நோயாளியை வீட்டிலேயே வைத்து இவ்வளவு சுத்தமாகப் பராமரித்த புஷ்பம் என்னும் தொழிலாளியைப் பாராட்டி, தோட்டம் அவளுக்கு ஏதேனும் வெகுமதி தரலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். துரை பெரட்டில் அதைப் படித்துக் காட்டி, ஒரு புதுக் கம்பளியைத் தூக்கிப் பிடித்து, "புஷ்பம்" என்று கூப்பிட்டார்.

துரை எந்தப் பேரைக் கூப்பிட்டாரோ, செக்ரோலில் அந்தப் பேருள்ளவள்தான் கம்பளிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஆனால் துரை அன்று காம்பராவுக்குள் எட்டி, வடிவம்மாவைப் புஷ்பம் என்று பார்த்தவர். கங்காணி கண்ணை மூடிக்கொண்டார். முருகையாவைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சலுக்காக வெட்டிய தலைமயிர் இன்னும் வளராத புஷ்பம், கன்றுக்குட்டி போலக் கால் பின்ன நடந்து முன்னால் போனாள். துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு மாதம் நோயாளியைப் பார்த்தால் ஆளே உருமாறிப்போவாள் போலிருக்கிறது என்று கணக்கப்பிள்ளையிடம் இங்கிலீஷில் சொன்னார். கணக்கப்பிள்ளை அதை ஒப்புக்கொண்டார்.

திரும்பி வந்தவள் வரிசையில் நின்ற வடிவம்மாவின் கையில் கம்பளியை வைத்தாள்.

"இது உங்களுக்குத்தான் அத்தே."

"எனக்கெதுக்குடி? நீயே போத்திக்க. உனக்குத்தான் குளிரும்."

"நான் கண்டபடி வஞ்சேனாமே. அவரு சொன்னாரு."

"நல்லாத்தான் வஞ்ச. போ, போயி உக்காரு. நிக்காத."

நோயாளர் புத்தகம் அதற்குப் பிறகு திருத்தப்படவில்லை. வைரவநாதன் அந்தப் பக்கத்தின் கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்தார்: "வடிவம்மா, குணமடைந்தார்." கையெழுத்து அங்கே கொஞ்சம் கோணியிருந்தது. அந்தப் புத்தகப்படி வடிவம்மா ஒரு மாதம் பிறர் தயவில் கிடந்து பிழைத்தவள்.

அந்த வடிவம்மா, காய்ச்சல் கண்ட முப்பத்தோராம் நாள் காலையிலேயே புஷ்பத்துக்கு மூன்று கரண்டி குழைந்த சோறு ஊட்டினாள், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.